வாட்டர்டவுன் வாசிகளின் நன்றி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பாஸ்டன் நகரத்தை அடுத்துச் சார்லஸ் நதிக்கரையில் வாட்டர்டவுன் என்றோர் ஊர் உளது. 2013-ல் அதன் ஜனத்தொகை சுமார் 32,000. நம்மவரில் பெரும்பாலோர் 2013-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 19-ந் தேதிக்கு முன் அவ்வூரின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். அன்று விடியுமுன்னர் தொடங்கி மாலை வரையில் அவ்வூரார் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர். துப்பாக்கி ஏந்திய போலீஸார் வீடு வீடாகப் புகுந்து சோதனை செய்தனர். இரவு ஒன்பது மணிக்கு அதே ஜனங்கள் தெருவின் இருமருங்கிலும் திரண்டு, திரும்பிச் செல்லும் போலீஸ் வண்டிகளை நோக்கிக் கை கொட்டி ஆர்ப்பரித்தனர். தமது வீட்டுக்குள் ஆயுதத்துடன் நுழைந்தவர்களை ஒரு சுதந்திர ஜனசமூகம் வாழ்த்தி வழியனுப்புவதா என்று அப்பொழுதே பலர் கேட்டனர், இன்னும் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை கூற முற்படுவோர் அன்றைய பகலை மனத்தினாலாவது ஒருமுறை அவ்வூராரோடு கழித்துப் பார்த்தல் வேண்டுமென்பது நமது கருத்து.

விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லுவோம். மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஏப்ரல் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை தேசபக்தர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1775-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி லெக்ஸிங்டன், கான்கார்டு என்னும் இடங்களில் குடியானவர்கள் ஆங்கிலப் படையை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியதன் ஞாபகார்த்தமே அத்திருநாள். அன்றுதான் பாஸ்டனின் பேர்பெற்ற மாரத்தான் ஓட்டப் பந்தயமும் நடைபெறும். 2013-ல் அந்நாள் 15-ந் தேதி வந்தது. பிற்பகல் 2 மணி 49 நிமிஷத்துக்கு, ஓட்டம் முடியும் எல்லைக்கோட்டருகில் பாயில்ஸ்டன் வீதியில் இரண்டு வெடிகுண்டுகள் சில விநாடி இடைவெளியில் வெடித்தன. சமையலறையில் உபயோகப்படும் பிரஷர் குக்கரில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் அடைத்துச் செய்யப்பட்ட குண்டுகள் அவை. எட்டு வயதுப் பாலகன் ஒருவன், சீன தேசத்திலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தி, அவ்விடத்து யுவதி ஒருத்தி, ஆக மூவர் மாண்டனர். காயமுற்றோர் 260-க்கு மேற்பட்டவர். அவர்களுள் பதினைந்துக்கும் அதிகமானோர் காலை இழந்தனர். ஓட்டத்தைக் காண வந்தவர்களுக்கு ஓடும் காலே இல்லாமற் போயிற்று.

மூன்று நாட்கள் கழித்து, 18-ந் தேதி மாலையில், சந்தேகிக்கப்பட்ட இருவரின் படங்களை மத்திய சர்க்காரின் துப்பறியும் இலாகா வெளியிட்டது. தமர்லான் ஸார்னயெவ், வயது 26, ஜோகர் ஸார்னயெவ், வயது 19, இருவரும் சகோதரர், அந்நாட்டில் அடைக்கலம் பெற்ற குடும்பத்தினர். படம் வெளியான இரவிலேயே கேம்பிரிட்ஜில், மாஸச்சூஸெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தின் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவரை, வண்டியில் உட்கார்ந்திருந்த நிலையில் இவர்கள் சுட்டுக் கொன்றனர். பின்னர் ஒரு மோட்டார் வண்டியை அதன் சொந்தக்காரரோடு கவர்ந்தனர். அவ்விளைஞர், பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் உயிரை வெறுத்துக் குதித்தோடித் தப்பினார். அவர் கூறிய செய்தியைக் கொண்டே அவ்வண்டி வாட்டர்டவுனில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் இளைஞர் எடுத்த அந்த ஒரு விநாடித் தீர்மானத்துக்கு ஊர் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறதென்று நாம் எண்ணுகிறோம். அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

நள்ளிரவு கடந்து முக்கால் மணிக்குள் லாரல் வீதியில் சண்டை மூண்டது. மரவீடுகள் நெருங்கி நிற்கும் குடித்தெரு அது. இருநூறுக்கு மேற்பட்ட துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. சகோதரர் எறிந்த வெடிகுண்டுகள் தெருவில் வெடித்தன. படுக்கையிலிருந்து விழித்தவர்கள் என்ன நேர்ந்ததென்று அறியாமல் தரையில் படுத்தனர். சிலர் வீட்டுச் சுவரைத் துளைத்துக் குண்டுகள் உள்ளே வந்தன. மூத்தவன் காயமுற்று விழுந்தான். இளையவன் தப்பியோடும் அவசரத்தில் அவன் மீதே வண்டியை ஓட்டினான். மூத்தவன் ஆஸ்பத்திரியில் மாண்டான். இளையவனோ, சில தெருக்களுக்கு அப்பால் வண்டியை விட்டிறங்கி இருளில் மறைந்தான். அவன் கையில் இன்னும் எத்தனை குண்டுகள் இருந்தன என்பது ஒருவருக்கும் தெரியாது.

இந்தத் தெரியாமையே அன்றைய பயத்தின் உயிர்நிலை. எதிரி வெளியில் இருக்கிறான் என்பது தெரிந்தால் கதவைத் தாழிடலாம். கதவைத் தாழிட்டபின், அவன் ஒருவேளை நமது வீட்டு நிலவறையிலேயே பதுங்கியிருக்கிறானோ என்று சந்தேகிக்க நேர்ந்தால் மனிதன் எங்கே போவான்? மோட்டார் கொட்டகையின் கதவு நேற்றிரவு சாத்தப்பட்டதா? கொல்லையில் கேட்ட சப்தம் பூனையா, ஆளா? விடியுமுன் வீடுதோறும் டெலிபோன் மணி அடித்தது. வெளியே வரவேண்டாம், ஜன்னலருகில் நிற்க வேண்டாம், அடையாளம் காட்டும் போலீஸாருக்கன்றி வேறெவர்க்கும் கதவைத் திறக்க வேண்டாம் என்றது குரல். காலை எட்டு மணி சுமாருக்குக் கவர்னர் டெவால் பாட்ரிக் அவ்வேண்டுகோளைப் பாஸ்டன் நகரம் முழுமைக்கும் நீட்டித்தார். ரயிலும் பஸ்ஸும் நின்றன. கடைகளும் கலாசாலைகளும் மூடப்பட்டன. சுமார் பத்து லட்சம் ஜனங்கள் வீட்டுக்குள் இருந்தனர். 2020-ம் வருஷத்துத் தொற்றுநோய்க்குப் பின் ஊரடங்கு என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த வார்த்தையாகி விட்டது. 2013-ல் அமெரிக்காவின் ஒரு பெருநகரம் ஒரே ஒரு பையனைத் தேடும் பொருட்டு இவ்வாறு அடங்கியது எவரும் கண்டிராத காட்சி.

வாட்டர்டவுனில் இருபது தெருச் சதுக்கங்கள் அடங்கிய வட்டாரத்தைப் போலீஸார் வளைத்துக் கொண்டனர். பல ஊர்களிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான உத்தியோகஸ்தர்கள் அர்செனல் வீதியில் வந்து குழுமினர். அவ்வீதி பெற்ற பெயர் பழைய ஆயுதசாலையால் வந்தது. ஆயுதசாலை மூடப்பட்டுக் கடைத்தொகுதியாக மாறிய பின், அன்றுதான் மறுபடியும் அங்கே ஆயுதங்கள் குவிந்தன. குழந்தைகள் பந்தாடும் தெருக்களில் கவச வண்டிகள் ஊர்ந்தன. தலைக்கவசமும் நீண்ட துப்பாக்கியும் தரித்தவர்கள் கதவைத் தட்டினர். இரவு உடையோடு நின்ற குடும்பத்தாரை ஒரு புறம் ஒதுக்கி, அலமாரி, கட்டிலடி, நிலவறை, மேற்பரண் எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயினர். சில வீடுகளில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தனர். வேறு சில இடங்களில் ஜனங்களைத் தலைமேல் கை வைக்கச் சொல்லி வெளியேற்றியதும் உண்டு. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த படங்கள் அதற்குச் சாட்சி.

மற்றொரு படமும் அன்று உலகெங்கும் சென்றது. பால் தீர்ந்து போன வீடு ஒன்று. உள்ளே சிறு குழந்தை. தாய் தந்தையரோ வெளியே செல்லலாகாது. புரூக்லைன் என்னும் பக்கத்து ஊர்ப் போலீஸ்காரர் ஒருவர் இரு கைகளிலும் இரண்டு பெரிய பால் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு அவ்வீட்டுப் படியேறிச் செல்லும் படம் அது. இடுப்பில் துப்பாக்கி; கையில் பால். இப்படத்தைக் காட்டியே அன்றைய நடவடிக்கை அனைத்தையும் நியாயப்படுத்தி விடலாமென்று நினைப்பவர்களோடு நாம் சேரவில்லை. ஆனால் பால் கொண்டு வரும் போலீஸ்காரரைப் பார்த்த கண்ணுக்கும், பார்த்திராத கண்ணுக்கும் கதவு தட்டும் ஓசை ஒரே விதமாகக் கேட்காது.

வாட்டர்டவுன் இலேசாகக் கீழ்ப்படியும் ஊரன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1630-ல் ஸ்தாபிக்கப்பட்ட அவ்வூரார், இரண்டே வருஷத்தில், பக்கத்து ஊரின் கோட்டை அரணுக்கென்று தங்கள் சம்மதமின்றி விதிக்கப்பட்ட 60 பவுன் வரியில் தங்கள் பங்கைக் கொடுக்க மறுத்துத் தகராறு செய்தனர். அவர்களுடைய பாதிரியார் ஜார்ஜ் பிலிப்ஸ் அதில் முன் நின்றார். பயனாக ஒவ்வோர் ஊரும் பிரதிநிதிகளை அனுப்பும் வழக்கம் உண்டாயிற்று. 1775-ல் லெக்ஸிங்டன் சண்டைக்குப்பின் மாகாணக் காங்கிரஸ் கூடியதும் வாட்டர்டவுனில்தான். இன்னும் ஒன்று: 1761-ல் பாஸ்டன் நியாயஸ்தலத்தில் ஜேம்ஸ் ஓடிஸ், ஆங்கிலச் சுங்க அதிகாரிகள் எந்த வீட்டிலும் புகுந்து சோதிக்கலாமென்னும் பொது வாரண்டுகளை எதிர்த்துப் பல மணி நேரம் வாதித்தார். அந்த வாதத்தின் வித்தே பின்னர் முளைத்து, நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் நான்காவது திருத்தமாக 1791-ல் அரசியற் சட்டத்தில் இடம்பெற்றது. வீட்டுக்கதவின் மானத்துக்காகவே பிறந்ததென்று சொல்லக்கூடிய ஒரு தேசத்தில், அதன் பிறந்த நாளாகிய ஏப்ரல் 19-ந் தேதியில், கதவுகள் வரிசையாகத் திறக்கப்பட்டன! பிராணாபத்தான அவசரத்தில் வாரண்டின்றி நுழையலாமென்பது அந்நாட்டு நியாயஸ்தலங்கள் ஒப்புக்கொண்ட விதி. அவ்விதி ஒரு வீட்டுக்குச் சரி. இருபது சதுக்கத்து வீடுகள் அனைத்துக்கும் சரியா என்பதே ஆட்சேபித்தவர்களின் கேள்வி. அதனை அசட்டை செய்வதற்கில்லை.

அவ்வூரில் ஆர்மீனியர் ஏராளமாக வாழ்கின்றனர். 1915-ம் வருஷத்துப் படுகொலையிலிருந்து தப்பி வந்தவர்களின் சந்ததியார் அவர்கள். அவர்களுடைய ஹைரெனிக் பத்திரிகை அவ்வூரிலிருந்தே வெளிவருகிறது. சிப்பாய் வந்து கதவைத் தட்டினால் என்ன நிகழும் என்பதைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த வெள்ளிக்கிழமையில் என்ன நினைத்திருப்பர் என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். ஒரு சாமான் களவு போகவில்லை. ஒருவரும் இழுத்துச் செல்லப்பட்டு மறையவில்லை. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 24-ந் தேதி, அவர்கள் வருஷந்தோறும் மாண்டவர்களை நினைவுகூரும் நாள் வந்தது.

ஏப்ரல் 19-ந் தேதியைப் பற்றிப் பேசும்போது நமது தேசத்து ஏப்ரல் 19-ந் தேதியை நாம் எவ்வாறு மறப்போம்? 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் ரத்தம் காயுமுன், அமிருதசரஸின் ஒரு சந்தில் செல்லும் இந்தியர் யாவரும் வயிற்றால் ஊர்ந்தே செல்ல வேண்டுமென்று ஜெனரல் டையர் அன்றுதான் உத்தரவிட்டான். ஓர் ஆங்கில மாது அங்கே தாக்கப்பட்டாள்; அது கொடுஞ்செயலே; அவளைக் காத்துக் காயத்துக்கு மருந்திட்டவர்களும் இந்தியர்களே. அவர்களுக்கும் சேர்த்துத் தண்டனை! புறவாயில் இல்லாத வீடுகளிற் குடியிருந்தோர், மாவும் உப்பும் வாங்க வெளிவர வழியின்றி உள்ளேயே கிடந்தனர். ஊரும் அடங்கியது, ஜனங்களும் வீட்டுக்குள் இருந்தனர், துப்பாக்கி ஏந்தியவனும் தெருவில் நின்றான். புறத்தோற்றத்தில் வாட்டர்டவுனுக்கும் இதற்கும் பேதம் சிறிது. ஆனால் அமிருதசரஸில் அடைப்பு யாருக்காக? அடைபட்டவர்களைத் தாழ்த்துவதற்காக. வாட்டர்டவுனில் அடைப்பு அடைபட்டவர்களைக் காப்பதற்காக. முன்னதை விதித்தவனை ஜனங்கள் நீக்க முடியாது; பின்னதைக் கேட்டுக்கொண்ட கவர்னரையோ ஜனங்களே வாக்களித்து வைத்தனர். மேலும் அது உத்தரவன்று, வேண்டுகோள். மீறியவனுக்கு அபராதமில்லை, சிறையில்லை. கவச வண்டி வாசலில் நிற்கும்போது வேண்டுகோளுக்கும் உத்தரவுக்கும் உள்ள தூரம் மிகக் குறைவென்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதித்தார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. வாட்டர்டவுனின் வளைக்கப்பட்ட தெருக்களில் அத்தூரம் அநேகமாக இல்லையென்றே கூறலாம். ஆனால் ஒரு சிப்பாயும் காணப்படாத பாஸ்டன் வீதிகளும் அன்று வெறிச்சோடிக் கிடந்தனவே, அதற்கு யாது சமாதானம்?

இனி, தேடியவன் அகப்பட்ட வகையைக் கேளுங்கள். பகல் முழுவதும் தேடியும் அவன் கிடைக்கவில்லை. மாலை ஆறு மணி சுமாருக்குக் கவர்னர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் குரலில், ஜனங்கள் எச்சரிக்கையுடன் வெளியே வரலாமென்றும், ரயில்களும் பஸ்களும் ஓடுமென்றும் அறிவித்தார். பிராங்க்ளின் வீதியில், தேடுதல் வட்டத்துக்குச் சற்று வெளியே, ஒருவர் தமது கொல்லைக்கு வந்தார். குளிர் காலத்துக்கென்று மூடிக் கட்டி நிறுத்தியிருந்த அவருடைய படகின் மேற்போர்வை ஓரிடத்தில் தளர்ந்திருந்தது. படகைத் தன் குழந்தையைப் போல் பேணிய மனிதர் போலும். கட்டு அவிழ்ந்ததைக் காணச் சகியாமல் ஏணியை வைத்து ஏறி உள்ளே பார்த்தார். ரத்தம் கண்டார், ஓர் உடலும் கண்டார். இறங்கிப் போய் டெலிபோன் செய்தார். ஹெலிகாப்டரிலிருந்து உடற்சூட்டைக் காட்டும் காமிராவினால் பார்த்ததில், போர்வைக்கடியில் உயிருள்ள ஒருவன் படுத்திருப்பது புலப்பட்டது. இரவு 8 மணி 45 நிமிஷத்துக்குள் அவன் பிடிபட்டான்.

ஆயிரக்கணக்கான போலீஸாருக்கு அகப்படாதவன், ஊரடங்கு நீங்கிய ஒரு மணிக்குள் ஒரு குடியானவரின் கண்ணுக்கு அகப்பட்டான். இதிலிருந்து அடைப்பே வீணென்று முடிவு கட்டுவோர் உளர். அடைப்பின்றி அவன் பகலில் நடமாடியிருந்தால் எத்தனை பேர் மாண்டிருப்பரோ என்று எதிர்வாதம் செய்வோரும் உளர். அன்று வாட்டர்டவுனில் ஊரார் ஒருவரும் மாளவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் தமது ஊரையும், தமது வீட்டையும், தமது படகின் முடிச்சையும் அறிந்த ஜனங்களை உள்ளே வைத்துவிட்டு, ஊரறியாத வெளியூர்ப் போலீஸார் தேடினால் இப்படித்தான் ஆகுமென்பதை எந்த அரசாங்கமும் மனத்திற் கொள்ளுதல் நலம்.

குற்றங்களும் நேர்ந்தன, அவை மறைக்கப்படவில்லை. படகைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் உத்தரவின்றிச் சுட, மற்றவர்களும் தொடர்ந்து சுட்டுத் தள்ளினர். உள்ளிருந்தவனிடம் துப்பாக்கியே இல்லையென்று பின்னர் வெளியாயிற்று. முந்தின இரவில் போலீஸாரின் வண்டியொன்றையே எதிரியின் வண்டியென்று கருதிப் போலீஸார் சுட்டனர். ரயில்வே போலீஸைச் சேர்ந்த ஒருவர் தொடையில் குண்டு பட்டு, உடலிலுள்ள ரத்தம் அநேகமாக வடிந்து பிழைத்தெழுந்தார்; அக்குண்டு அவருடைய சகாக்களின் துப்பாக்கியிலிருந்தே வந்திருக்கலாமென்று விசாரணையில் முடிவாயிற்று. 2015-ல் வெளியான சர்க்கார் அறிக்கையே இத்தவறுகளை எடுத்துரைக்கிறது. இண்டர்நெட்டில் ஊர் பேர் தெரியாதவர்கள் துப்பறியக் கிளம்பி, காணாமற் போயிருந்த இந்திய வம்சத்து மாணவர் ஒருவரைக் குற்றவாளியென்று அவ்விரவில் பறைசாற்றினர். அவருக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. சில தினங்களில் அவருடைய சடலமே கிடைத்தது. மகனைத் தேடிப் பரிதவித்த பெற்றோர் மீது வந்து விழுந்த வசைகளை எந்த ஊரடங்கு தடுத்தது? அன்றைய கைத்தட்டல் அந்த வீட்டில் கேட்டிருக்காது.

ஆகவே நன்றி தகுமா என்னும் வினாவுக்கு வருவோம். நன்றி வேறு, கணக்குக் கேளாமை வேறு. வாட்டர்டவுன் ஜனங்கள் கை கொட்டியது தமது உரிமையைத் தாரை வார்த்ததற்காகவன்று. ஏறக்குறைய இருபது மணி நேரம் நெஞ்சிற் கிடந்த கல் இறங்கிற்று. வெடிகுண்டு எறியப்பட்ட தெருவுக்கு ஓடிவந்து நின்றவர்கள் அந்த ஊர்ச் சொற்ப சம்பளப் போலீஸ்காரர்கள். மூன்று நாளைக்கு முன் கடைத்தெருவிற் பார்த்துத் தலையசைத்த முகங்கள். அவர்கள் சாகத் துணிந்து நின்றதைக் கண்ட ஜனங்கள் வாயடைத்துப் போயிருந்தால்தான் நாம் வருந்தியிருப்போம். அதே ஜனங்கள் மறுவாரத்தில், கவச வண்டி எதற்கு, இத்தனை துப்பாக்கி எதற்கு, எவர் உத்தரவில் சுட்டீர்கள் என்று கேட்டதும் சரியே. இரண்டையும் ஒரே வாய் சொல்லக்கூடுமென்பதை நம்மவரில் சிலர் ஒப்புவதில்லை. போலீஸாரைப் புகழ்ந்தால் அடிமை, குறை கூறினால் துரோகி என்று பிரிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. அந்நியன் ஆண்ட காலத்தில் அப்பிரிவினைக்குக் காரணம் இருந்தது.

அன்றாடக் கூலிக்கு வேலை செய்தோர் அந்த வெள்ளிக்கிழமைக் கூலியை இழந்தனர் என்பதையும் இங்கே சேர்த்துக் கூறுகிறோம். அவர்களை எவரும் படம் பிடிக்கவில்லை.

ஜோகர் ஸார்னயெவ் மீது சாட்டிய 30 குற்றங்களும் 2015-ல் ருஜுவாயின. மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2020-ல் மேல் நியாயஸ்தலத்தில் ரத்தாகி, 2022-ல் சுப்ரீம் கோர்ட்டினால் மறுபடி உறுதி செய்யப்பட்டது. அதன் பின்னும் வழக்கின் கிளைகள் நீண்டன. குற்றவாளிக்கும் வக்கீல் உண்டு, ஜூரி உண்டு, அப்பீல் உண்டு என்பதை அந்நாட்டார் அந்தக் கோபத்திலும் மறக்கவில்லை.

படகுக்காரரின் கதை பாக்கி. அவருடைய படகு சல்லடைக் கண்ணாகித் தடயப் பொருளாகச் சர்க்கார் வசம் போயிற்று. முகமறியாத ஜனங்கள் சிறு சிறு தொகையாக அனுப்பி, ஏறக்குறைய 50,000 டாலர் சேர்த்தனர், அவருக்குப் புதிய படகு வாங்கித் தருவதற்காக. அச்செய்தியைச் சொன்னபோது, எனக்கு அது வேண்டாம், காயமுற்றவர்களுக்கென்று திரட்டப்படும் நிதிக்கு அதை அனுப்புங்கள் என்பதே அவர் முதலில் கூறிய விடை.